மூணு மணியானா ஒடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி ஆகுது, என்ன செய்ய?

அம்பை பொண்ணு:
அம்பாசமுத்திரத்துல இருந்து பாளையங்கோட்டைக்கு தினம் பஸ்ல வேலைக்குப் போறேன், வெள்ளன 5 மணிக்கு எந்திச்சு சமையல முடிச்சுட்டு ஓடணும், மூணு மணிக்கெல்லாம் கண்ணு சொருகுது, டீயா குடிக்கேன், வீட்டுக்கு வந்தா பிள்ளைகிட்ட சிரிச்சுப் பேசக்கூட தெம்பு இல்ல, அதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. ராத்திரி தூக்கமும் வரமாட்டேங்கு.

ஆத்தங்கரை அண்ணாச்சி:
கடைசி டீ எப்பம்மா குடிக்க? டீயில உள்ள காபின் பாதி எறங்கவே சுமாரா 5 மணி நேரம் ஆகும், 6 மணிக்கு குடிச்சா தூக்கம் எங்கன வரும். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிசம் நடந்து பாரு.

முருங்கக்கீரை:
தங்கச்சி, மொதல்ல ரத்தத்த டெஸ்ட் பண்ணு. பொம்பளைகளுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனா ரத்தசோகைம்பாங்க, எனக்கு 9 தான் இருந்துச்சு, அது தெரியாம ரெண்டு வருசம் நான் சோம்பேறி ஆயிட்டேன்னு என்னையே ஏசிக்கிட்டு கெடந்தேன். தைராய்டும் சேத்துப் பாத்துரு. சோத்தோட டீ குடிக்காத, இரும்புச்சத்து சரியா சேராது. டாக்டர் சொல்லாம மாத்திரை வாங்கிராத. அப்புறம், வீட்டுல ஆம்பள காய் நறுக்குனா என்னவாம்? அத கேக்க கூச்சப்படாத.

சேரன்மாதேவி பஸ்:
நானும் அந்த ரூட்டுதான். வரும்போது செல்ல பைக்குள்ள போட்டுட்டு சன்னல் வழியா வயல பாத்துக்கிட்டே வாங்க, கண்ணுக்கு அவ்வளவு சொகம்.

அம்பை பொண்ணு:
அக்கா, நீங்க சொன்னத படிச்சு அழுகையே வந்துட்டு. சனிக்கிழம டெஸ்டுக்குப் போறேன், ரிசல்ட்ட இங்கனயே போடுதேன்.