புதுப்பிப்பு: சேலம் மென்பொருள் குழுவுக்கு டி-ஷர்ட் வாசகம் கேட்டேனே, என்ன ஆச்சு?

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற வகை) குழுவுக்குப் பெண்கள் வருவது குறைவு, ஏற்காடு சந்திப்புக்கு டி-ஷர்ட்டில் என்ன வாசகம் போடலாம் என்று கேட்டிருந்தேன்.

"வாங்க வாங்க என்று கூப்பிடாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான் எடுபட்டது. பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிடும் வழிமுறையை அடா லவ்லேஸ் என்ற பெண் வெளியிட்டது 1843-ல். அதைத்தான் முதல் கணினி நிரல் என்று பலரும் சொல்கிறார்கள். அதனால் வாசகம்: "1843-லேயே ஆரம்பிச்சாச்சு. நீங்க எப்போ?" ஆண்களுக்கும் அதே வாசகம், அதே கருநீலம். பிங்க் கூடவே கூடாது என்று சண்டை போட்ட அக்காவுக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது டி-ஷர்ட்தான். பெண்களுக்கான அளவில் தனியாக வாங்கியும், வந்தவர்கள் படிக்கும் கல்லூரிகளில் டி-ஷர்ட்டுக்கே அனுமதி இல்லையாம். பீரோவில் தூங்குகிறது. துணிப்பையும் லேப்டாப் ஸ்டிக்கரும்தான் ஊர் சுற்றுகின்றன. ஐந்து ரோட்டில் பையைப் பார்த்து விசாரித்து வந்தவர்கள்கூட உண்டு.

அச்சடிக்கப் போகிறவர்களுக்கு: ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், ஒரே நிறம் என்றால் செலவு குறையும். தமிழ் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். சின்னதாக இருந்தால் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஸ்டிக்கரில் அவுட்ரீச்சி பற்றி ஒரு வரி சேர்த்தோம். 2006-ல் க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது, உதவித்தொகையோடு இன்டர்ன்ஷிப். வாசகத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அடுத்த சந்திப்பில் விண்ணப்பம் எழுதப் பயிற்சி. நடத்தப்போவது புதிதாகச் சேர்ந்த பெண்களே.