காசநோய் விடுப்பு: இ.எஸ்.ஐ.யில் எவ்வளவு, எத்தனை நாள்?

கேள்வி
தம்பிக்கு நுரையீரல் காசநோய் உறுதியாகி, பிப்ரவரி முதல் வாரம் மருந்து ஆரம்பித்தாச்சு. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் மூன்று வருஷமா வேலை. மாதம் 15,250 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தனியார் டாக்டர் எழுதிய ஓய்வுச் சீட்டை ஹெச்.ஆரிடம் கொடுத்தோம். லீவுக்குச் சம்பளம் கிடையாதாம். இ.எஸ்.ஐ.யில் பாதியாவது வருமா? சத்துணவுக்கு அரசு தரும் பணத்தையும் சேர்த்து வாங்கலாமா?

பஞ்சப்படி
பாதி இல்லைங்க, 70 சதவீதம். பிப்ரவரியில் படுத்தவருக்குப் பார்ப்பது போன வருஷம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவைத்தான். அதில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா இருந்தால் ஜனவரி–ஜூனில் உதவித்தொகை உண்டு. ஜனவரியில் கட்டியது இப்போது கணக்கில் வராது. நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

ஆறு மாதச் சம்பளம் 91,500. கம்பெனி 183 நாள் காட்டியிருந்தால் நாளுக்கு 500, அதில் 70 சதவீதம் 350 ரூபாய். ஞாயிறும் சேரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. இது வருஷத்துக்கு 91 நாள்தான்.

ஆனால் நீண்டகால நோய்கள் 34-க்குத் தனிப் பட்டியல் உண்டு, காசநோய் அதில் இருக்கிறது. இரண்டு வருஷத் தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் சந்தாவும் வேண்டும். தம்பிக்கு இரண்டும் இருக்கும் என்றே தெரிகிறது. 91 நாள் தீர்ந்ததும் 80 சதவீதம், அதாவது நாளுக்கு 400. முதலில் 124 நாள். குணமாகாவிட்டால் மருத்துவப் பரிந்துரையோடு இரண்டு வருஷம் வரை நீட்டலாம்.

படிவம்9
கணக்கு சரி. மாட்டுவது சர்டிபிகேட்டில். தனியார் சீட்டை ஹெச்.ஆர். மேஜையில் வைத்தால் ஒரு பைசா நகராது. சளிப் பரிசோதனை ரிப்போர்ட், எக்ஸ்ரே, அந்தச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போங்க. அங்கே தரும் முதல் சர்டிபிகேட்டும், பணம் கேட்கும் விண்ணப்பமான படிவம் 9-ம் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகணும். ஆரம்பத்தில் வாரா வாரம் இடைக்காலச் சர்டிபிகேட் வாங்கணும். நடுவில் ஒரு வாரம் விட்டால் அந்த ஏழு நாள் பணம் தொங்கும். நோய் நீளும் என்று டாக்டர் முடிவு செய்தால் நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் தருவார், கேட்டுப் பாருங்க. ஏற்கெனவே போன நாட்களுக்குத் தனியார் சீட்டை மாற்று ஆதாரமாகக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் கிளை அலுவலகத்தின் முடிவு.

களப்பணி
சத்துணவுப் பணம் தனி, இ.எஸ்.ஐ.யோடு மோதாது. நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். ஆறு மாதச் சிகிச்சைக்கு முதலில் 3,000, 84 நாள் மருந்து முடிந்ததும் 3,000. தனியாரில் பார்த்தாலும், காசநோயாளிகளை அரசு பதியும் நிக்‌ஷய் பதிவு எண் இருந்தால் போதும். பணம் திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதார் எண் கொடுத்திருப்பார்கள், ஆனால் மானியம் வரும் கணக்காக அதை இணைத்திருக்க மாட்டார்கள். வங்கியில் ‘மானியம் வரும் கணக்காக ஆதாரை இணைக்கணும்’ என்று சொல்லியே கேளுங்க.

கேள்வி கேட்டவர்
நன்றிங்க. ஹெச்.ஆர். இப்போ மனசு மாறி, முதல் 12 நாளைச் சம்பள லீவாகப் போடுறேங்கிறார். விடலாமா?

படிவம்9
தாராளமா விடுங்க, முழுச் சம்பளம்தானே. ஆனால் அந்த 12 நாளுக்கு இ.எஸ்.ஐ. கேட்காதீங்க. வேலைக்கு வராத நாட்களைச் சரிபார்க்க கம்பெனிக்குப் படிவம் 10 போகும். சம்பளம் கொடுத்த தேதி அதில் தெரிந்துவிடும், மொத்தக் கோரிக்கையும் அப்படியே நின்றுவிடும்.