கத்திரி வெயிலும் எங்கள் பக் நாயும்: மாடி வீட்டுக்காரர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம். வேலூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். மேலே வெறும் தளம், காலை பதினொரு மணிக்கே வீடு அடுப்பாகிவிடும். அப்புவுக்கு நான்கு வயது. சப்பை மூக்கு இனம் என்பதால் மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்வது கஷ்டம் என்று தெரியும். தெரிந்தும் போன செவ்வாய்க்கிழமை ஏமாந்துவிட்டேன்.

துணி காயப்போடப் போனபோது பின்னாலேயே வந்திருக்கிறான். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பினால் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நாக்கு கருஞ்சிவப்பு, எச்சில் கெட்டியாக நூல் நூலாக ஒழுகுகிறது. தூக்கி வந்து வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் விட்டு, உடனே டாக்டரிடம் ஓடினோம். அங்கே பார்த்தபோதும் 40 டிகிரி செல்சியஸ். 39-ஐ ஒட்டி இருந்தால் சரியாம். இப்போது தேறிவிட்டான், பாதத்தில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது.

இனிதான் கவலை. பகலில் நாங்கள் இருவருமே வேலைக்குப் போய்விடுவோம். ஏசி கிடையாது, கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே நிஜமாகவே சூடு குறைகிறதா? இன்வெர்ட்டரில் ஏர்கூலர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? அப்புறம், பாதத்தில் போட்ட மருந்தை நக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்? கழுத்துக் கூம்பை அரை மணியில் கடித்துக் கழற்றிவிட்டான்.

மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள், டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். மாமியார் ஆசையாகப் போடும் மாங்கொட்டையையும் குடலில் சிக்கும் என்று சொல்லி நிறுத்தியாயிற்று. அதற்கே வீட்டில் பெரிய சண்டை!