ரங்கூன் கரண்ட் கட்டுக்கு ராஸ்பெரி பை 4 பேக்கப்: 8 மணி நேரம் தாங்க என்ன பேட்டரி?

கேள்வி: யாங்கோனில் (ரங்கூன்) சில நாள் 8 மணி நேரம் கரண்ட் இருப்பதில்லை. என் ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு) சுமார் 5 வாட் இழுக்கிறது. பவர் பேங்க் வைத்தால் கரண்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பதில் 1: தம்பி, பல பவர் பேங்குகள் சார்ஜிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடியில் வெளியீட்டை விட்டுவிடும். அதை விடுங்கள்.

5 வாட் × 8 மணி = 40 வாட்-மணி. பேட்டரி வோல்ட்டை பைக்கு ஏற்றபடி இறக்கும் பக் கன்வெர்ட்டரின் திறன் 90% என்றால் 44. பேட்டரியில் 80% மட்டும் எடுத்தால் 56 வேண்டும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி (77 வாட்-மணி) தாராளம். பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) கட்டாயம். பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். 14.4 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர் பையையும் ஓட்டி பேட்டரியையும் நிரப்பும். பக் கன்வெர்ட்டரை 5.1 வோல்ட்டில் வையுங்கள்.

பதில் 2: ஒயரைக் கவனியுங்கள். 0.1 ஓம் மெல்லிய கேபிளில் 3 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் காணாமல் போகும், 4.63-க்குக் கீழே இறங்கினால் பை எச்சரிக்கும். ஏப்ரல் வெயிலில் பெட்டியை மூடி வைக்காதீர்கள், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது.

கேட்டவர்: பேட்டரி தீர்ந்தால் எஸ்டி கார்டு கெடுமே?

பதில் 1: கெடலாம். பையில் அனலாக் உள்ளீடு இல்லை, அதாவது பேட்டரி வோல்ட்டை அதால் நேரடியாக அளக்க முடியாது, அதனால் வோல்ட்டை அளந்து சொல்லும் ஐஎன்ஏ219 சென்சர் வையுங்கள், 12.0 வோல்ட்டில் ஷட்டவுன் கொடுங்கள். ஆனால் பலரும் இங்கேதான் சிக்குவார்கள்: பைக்கு 5 வோல்ட் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தால், கரண்ட் திரும்பினாலும் ஷட்டவுன் ஆன பை தானாக எழாது. அந்த 5 வோல்ட்டை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மூலம் சில நொடி துண்டித்து மறுபடி கொடுக்க வேண்டும்.