இடுப்பு எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்த பிறகும் இன்னொரு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். எடுக்கலாமா?

தங்கச்சிமடம்அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். ஒரு வருடத்துக்கு மேலாக இடுப்பு வலி. வலை இழுக்கிற வேலைதானே, பிடிப்பாக இருக்கும் என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம். அப்புறம் ஊசி, மாத்திரை.

எங்களுக்குப் புரியாத விஷயம் இதுதான். தொழிலுக்குப் போய்வருகிற நாட்களில் ஓரளவு நன்றாக இருக்கிறான். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கி வீட்டில் இருந்தபோதுதான் வலி கூடிப்போனது. நடுராத்திரிக்கு மேல் தூக்கம் கலைந்து வாசலில் நடந்துகொண்டிருப்பான். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. வெயில் ஏற ஏற சரியாகிவிடுவான். ஓய்வெடுத்தால் குறைய வேண்டிய வலி எப்படிக் கூடும்? குதிகாலும் வலிக்கிறது என்கிறான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். வட்டிக்கு வாங்கி இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. இப்போது பார்க்கிற மருத்துவர் இடுப்புக்குக் கீழே இருக்கிற மூட்டுக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் கதிர் உடம்புக்கு ஆகாதே என்று அம்மா பயப்படுகிறார்கள். அதற்குப் பதில் சி.டி. எடுத்தால் செலவு குறையும் என்று மாமா சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன்அறை:

அக்கா, நான் ராமநாதபுரத்தில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். மருத்துவர் இல்லை, அதனால் தம்பிக்கு இன்ன நோய் என்று சொல்லமாட்டேன். படம் எடுக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்: எடுங்கள். முன்பு எடுத்ததும் இதுவும் ஒரே இடம் இல்லை.

சீட்டில் ‘லம்பார் ஸ்பைன்’ என்று வந்தால் டிஸ்க்கும் நரம்பும் நன்றாகத் தெரிகிற மாதிரி முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை எடுப்போம். உங்கள் மருத்துவர் சந்தேகப்படுவது சேக்ரோஇலியாக் மூட்டு. முதுகுப் பக்கம் இடுப்பில் இரண்டு குழி விழுமே, அதற்கு அடியில் இருப்பது. முதல் படத்தில் அது ஓரமாகக் கொஞ்சம் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே இருக்கிற சேக்ரம் எலும்பு சாய்ந்திருக்கிற அதே சாய்வில் படம் எடுக்க வேண்டும். ‘ஸ்டிர்’ என்று ஒரு வகைப் படமும் கூடவே வேண்டும். எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம், சாதாரணப் படத்தில் அதுவே வெளிச்சமாகத் தெரிந்து மற்றதை மறைத்துவிடும். ஸ்டிர் எடுக்கும்போது கொழுப்பு கறுத்துப்போகும், அழற்சியால் நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மருத்துவர் தேடுவது அந்த வெள்ளையைத்தான்.

எக்ஸ்ரே நார்மல் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் தெரிவது எலும்பு அரிக்கப்பட்ட, இறுகிப்போன பிறகு உள்ள நிலை. அந்த அளவுக்கு வரச் சில வருடங்கள் ஆகும். இந்த மூட்டையும் முதுகையும் இறுக்குகிற அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயைக் கண்டுபிடிக்க 1984-இல் திருத்தி வந்த நியூயார்க் வரையறை இந்த மூட்டை எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் முடிவு செய்தது. இந்த வகை நோய்க்கு 2009-இல் வந்த சர்வதேச வரையறையில்தான் எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற அழற்சியையும் சேர்த்தார்கள். எலும்பு கெடுவதற்கு முன்பே பிடிக்க வழி வந்த பிறகும் நம் பக்கத்துப் பையன்கள் தாமதமாக வருவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குரிய படத்தைத்தான் நாங்களும் எடுத்து அனுப்புவோம். கேட்காத மூட்டைப் பற்றி ரிப்போர்ட்டில் எப்படி வரும்?

நீங்கள் புரியவில்லை என்று எழுதினீர்களே, தடைக்காலத்தில் வலி கூடியது, அதுதான் இதில் முக்கியமான தகவல். சதைப்பிடிப்போ டிஸ்க் வலியோ வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி நேர்மாறு. ஓய்வில் விறைக்கும், பின்னிரவில் எழுப்பும், உடம்பு அசைய அசைய இளகும். இதை மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், ஸ்கேன் சீட்டிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். தம்பியின் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள். கனமாக இழுக்கிற, தூக்கிற வேலை செய்பவர்களுக்கும் ஓடுகிற விளையாட்டு வீரர்களுக்கும் இந்த மூட்டில் லேசாக நீர் கோத்திருப்பது உண்டு, நோய் இல்லாமலே. படம் பார்க்கிற ரேடியாலஜிஸ்டுக்குத் தொழில் தெரிந்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். மாமா சொல்கிற சி.டி.யில்தான் கதிர் உண்டு. இயற்கையில் இருந்து ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது, வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி. ஒன்றிலேயே 8 முதல் 10 வரை போகும். எலும்பு அரிப்பை சி.டி. அருமையாகக் காட்டும், ஆனால் மஜ்ஜையில் இருக்கிற அழற்சியைக் காட்டாது. தம்பிக்கு இப்போது கேள்வியே அந்த அழற்சிதான்.

மருந்து ஊசி போட்டு எடுக்கிற கான்ட்ராஸ்ட் இதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு பக்க மூட்டில் மட்டும் மாற்றம், காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் காசநோயாகவோ வேறு கிருமித்தொற்றாகவோ இருக்குமோ என்று பார்க்க வேண்டிவரும். அப்போது தேவைப்படலாம்.

இன்னொன்று. கடல் தொழில் செய்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூண்டில் முள் எப்போதாவது உடம்பில் முறிந்து உள்ளேயே நின்றிருக்கிறதா? தடைக்காலத்தில் படகு பழுது பார்க்கும்போது வெல்டிங், கிரைண்டிங் பொறி கண்ணில் தெறித்திருக்கிறதா? கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே கெடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தாலும் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:

எதற்கு இவ்வளவு செலவு? எச்.எல்.ஏ. பி27 என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் இந்த வியாதி, இல்லையென்றால் இல்லை. என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் பார்த்தார்கள்.

ஸ்கேன்அறை:

அண்ணே, அந்த மரபணு இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த நோய் வருவதில்லை. அது இல்லாதவர்கள் சிலருக்கு வருகிறது. ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டுகிற சி.ஆர்.பி. கூட நோய் இருக்கும்போதே நார்மலாக வரலாம். ரத்தம், படம், வலியின் கதை மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். எம்.ஆர்.ஐ.யும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. ஆரம்பத்தில் அதுவும் சுத்தமாக வருவது உண்டு.

கீழக்கரைவாசி:

சகோதரி, எனக்கு இதே நோய், அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கல்லூரி முடிக்கும் வயதில் வலி தொடங்கியது, நோயின் பெயர் தெரிய வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்குள் எக்ஸ்ரேயிலேயே தெரிகிற அளவுக்கு மூட்டு இறுகிவிட்டது. மதுரையில் ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்) மருத்துவர் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். உங்கள் தம்பிக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் சாதாரணக் கண்வலி என்று சொட்டுமருந்து வாங்கிப் போடாதீர்கள். இந்த நோயோடு கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். எனக்கு வந்தது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால் அழற்சியை அடக்குகிற பயாலஜிக் ஊசி சொல்வார்கள். அதற்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுப்பார்கள், ஏனென்றால் உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கிற காசநோயை சில ஊசிகள் எழுப்பிவிடும். நெஞ்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். தம்பிக்கு பீடி, சிகரெட் இருந்தால் விடச் சொல்லுங்கள், முதுகு இறுகுவதை அது வேகப்படுத்தும். நீச்சல் மிகவும் நல்லது, அது அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கச்சிமடம்அக்கா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். கையில் ஒரு தூண்டில் முள் முறிந்தது உண்டு, ஆனால் அப்போதே கீறி எடுத்துவிட்டார்கள். குதிகாலுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டுமா? இதற்கப்புறம் அடிக்கடி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அரைமணி நேரம் அசையாமல் படுக்க முடியுமா என்று தம்பி கேட்கிறான்.

ஸ்கேன்அறை:

முள் எடுத்துவிட்டார்கள் என்றாலும் அங்கே சொல்லிவிடுங்கள், அவர்கள் ஓர் எக்ஸ்ரே பார்த்துக்கொள்வார்கள்.

குதிகாலுக்கு அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் போதும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடம் தடித்திருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். பவர் டாப்ளர் என்ற வசதியில் அங்கே ரத்த ஓட்டம் கூடியிருப்பது வண்ணமாகத் தெரியும், அது அழற்சியின் அடையாளம். செலவும் குறைவு. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடிக்கடி எம்.ஆர்.ஐ. வேண்டாம். சிகிச்சை தொடங்கிய பிறகு வலி, காலை விறைப்பு, சி.ஆர்.பி. வைத்தே போக்கைப் பார்ப்பார்கள். மருந்தை மாற்றலாமா என்று குழப்பம் வருகிற நேரத்தில் மட்டும் மறுபடி கேட்கலாம். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் தேவை, அதனால் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். நம் கடற்கரை ஈரத்தில் ஃபிலிம்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், பீரோவில் தாள் வைத்துப் பிரித்து வையுங்கள். இயந்திரம் 1.5 டெஸ்லாவா என்றும் கேளுங்கள், இந்த மூட்டுக்கு அது போதும். அதைவிட மிகக் குறைந்த காந்தசக்தி உள்ள திறந்த இயந்திரங்களில் நுணுக்கம் குறையும்.

படுப்பதைப் பற்றித் தம்பி கேட்டது நியாயம். காலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், விறைப்பு இளகிய பிறகு மதியத்துக்கு மேல் கேளுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொன்னால் வைப்பார்கள், இடுப்புக்குச் சுகமாக இருக்கும். சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு பந்து மாதிரி பஸ்ஸர் இருக்கும், தாங்க முடியாவிட்டால் அமுக்கச் சொல்லுங்கள், நாங்கள் உடனே நிறுத்துவோம். சொல்லாமல் அசைந்தால்தான் படம் கலங்கி மறுபடி எடுக்க வேண்டிவரும்.