வயல் மண் பூசிய பி.டி.-76: சேறு வெடித்து உதிர்கிறது, வார்னிஷும் பால் போல வெளுத்துவிட்டது

அரசலாறு (கும்பகோணம்) கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். 1/35 அளவில் பி.டி.-76 டாங்கியின் மாடல் ஒன்றைக் கடந்த நான்கு மாதங்களாகக் கட்டி வருகிறேன். ட்ரம்பெட்டர் நிறுவனத்தின் கிட். 1971 நவம்பர் 21 அன்று, கிழக்கு வங்கத்தின் கரீப்பூரில், நமது 45ஆவது கவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் ‘சி’ ஸ்குவாட்ரன் 14 பி.டி.-76 டாங்கிகளுடன் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை மூடுபனிக்குள் எதிர்கொண்ட காலைப் பொழுதைக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். அந்த ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கி அங்கேயே உயிர்நீத்து, மகாவீர் சக்கர விருது பெற்ற மேஜர் தல்ஜித் சிங் நாரக்கைப் பற்றி வாசித்த நாளிலிருந்து இந்த எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அங்கிருப்பதும் ஆறு கொண்டுவந்த வண்டல், இங்கிருப்பதும் ஆறு கொண்டுவந்த வண்டல் என்பதால், கடையில் விற்கும் பிக்மென்ட் தூளை வாங்காமல் எங்கள் வயல் மண்ணையே பயன்படுத்தத் துணிந்தேன்.

மண்ணைக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்து, உடற்பகுதியின் பக்கங்களிலும் சக்கரங்களிலும் ஏறக்குறைய 3 மி.மீ. கனத்துக்குப் பூசினேன். இரண்டே நாளில் அது சித்திரை மாத வயலைப் போலப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது; தொட்டால் ஓடு ஓடாக உதிர்கிறது. உதிராமல் ஒட்டியிருக்கும் இடத்திலும் அது சேறாகத் தெரியவில்லை, சரளைக்கல் கொட்டியது போலத் தெரிகிறது. மேல்தளத்தைக் காப்பாற்றலாம் என்று ஐப்பசி அடைமழைக்கு நடுவில், மாலை நேரத்தில் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்தேன். சில நிமிடங்களில் ஆலிவ் பச்சை முழுவதும் பால் படிந்தது போல ஆகிவிட்டது. அதற்கு முன்பே, பழுப்பு நிற ஆயில் பெயின்டைக் கரைத்து, கோடுகளை எடுத்துக்காட்டுவதற்காக விட்ட வாஷும் அவற்றில் நிற்காமல் கறை கறையாகப் பரவியிருந்தது. பெயின்ட் முழுவதையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டுமா? இதே தொல்லையை அனுபவித்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடமுருட்டி (சுவாமிமலை அருகே) எழுதுகிறார்:

கழற்ற வேண்டாம் நண்பரே. வார்னிஷைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எழுதுவார்கள்; மண்ணைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் மண்ணைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மீது முதல் பூச்சாக இடுவது காவிரியின் மெல்லிய வண்டல் மண். நகக்கண்ணும் மணிமாலையும் ஆடை மடிப்பும் உலோகத்தில் அப்படியே விழ வேண்டுமானால், மெழுகைத் தொடும் மண் அவ்வளவு நுண்மையாக இருந்தாக வேண்டும். மணல் கலந்த சொரசொரப்பான மண் அதற்கு மேல் வரும் பூச்சுகளில்தான் சேரும். உங்கள் டாங்கிக்கும் தேவையானது அந்த முதல் பூச்சின் மண்ணே தவிர, வயலில் வெட்டியெடுத்த மண் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மி.மீ. மணல் துகள் 1/35 அளவில் 17.5 மி.மீ. ஜல்லியாகிவிடும். டீ வடிகட்டியின் கண் வழியே அந்தத் துகள் தாராளமாக இறங்கிவிடும். ஆகவே சலிப்பதற்கு முன்பு, தண்ணீரைக் கொண்டு பிரிக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரும் ஒரு கைப்பிடி மண்ணும் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு 5 நிமிடம் காத்திருங்கள். அதற்குள் 0.02 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்கள் எல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் அதே உயரத்துக்கு நிற்கும்படி வேறு பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். பிறகும் தெளியாமல் நிற்கும் நீரில் இருப்பதுதான் களி, அதைக் கொட்டிவிடுங்கள். அடியில் தங்கியிருப்பதை மீண்டும் ஒருமுறை நீர் விட்டுக் கலக்கி, மீண்டும் இரண்டு மணி நேரம் வைத்து இறுத்தால், களி பெரும்பாலும் நீங்கிய தூய வண்டல் கிடைக்கும். அதன் துகளில் மிகப் பெரியதுகூட நம் அளவில் முக்கால் மி.மீ.யைத் தாண்டாது.

வெடிப்புக்குக் காரணமும் அந்தக் களிதான். நீரைக் குடித்து உப்பி, காயும்போது சுருங்குவது களியின் இயல்பு. கோடையில் நம் வயல்கள் கால் நுழையும் அளவுக்குப் பிளப்பது எதனாலோ, உங்கள் 3 மி.மீ. பூச்சு பிளந்ததும் அதனால்தான். கிடைத்த வண்டலை இரும்புச் சட்டியில் போட்டுப் புகை அடங்கும் வரை வறுத்துவிடுங்கள்; இலைமக்கும் வேர்த்துணுக்கும் கருகிப் போகும், பின்னாளில் பூசணம் பிடிக்காது. ஆறியதும் கல்வத்தில் அரைத்து, சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் செய்வது போல மெல்லிய வேட்டித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை நம் ஊர் ஈரக்காற்றில் இளகும் குணமுடையது என்பதால், ஓவியர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் மேட் மீடியத்தில் குழைத்து, கோலமாவு கரைசல் பதத்தில் பூசுங்கள். ஒரு பூச்சு முழுவதும் காய்ந்த பிறகே அடுத்தது.

வெண்ணாறு (நீடாமங்கலம்) எழுதுகிறார்:

குடமுருட்டி அண்ணன் சொன்ன மண் முறையை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த டாங்கியின் மீது எங்கே, எவ்வளவு சேறு இருந்திருக்கும்? 3 மி.மீ. பூச்சு என்றால் உண்மை அளவில் பத்தரை சென்டிமீட்டர். பி.டி.-76 வண்டியின் உடல் நீளமே 6.9 மீட்டர்தான், உங்கள் மேசையில் அது 20 செ.மீ.கூட வராது. அதன் பக்கச் சுவர் முழுவதும் பத்தரை சென்டிமீட்டர் சேறு அப்பியிருக்க வாய்ப்பே இல்லை.

நாள் நவம்பர் 21 என்பதையும் மறந்துவிடக் கூடாது. வங்கத்தில் அப்போது பெருமழை ஓய்ந்திருக்கும். ஆமன் நெல் முற்றி அறுவடையை நெருங்கியிருக்கும். நாற்று நடவுக்கு முன் தொழி உழவு ஓடிய வயலின் குழைசேறு அல்ல அது. மேலே உலர்ந்து வெளிறி, உள்ளே ஈரம் தங்கிய நிலம். கரீப்பூர் கபாதக் ஆற்றை ஒட்டிய பகுதி என்பதால், ஆற்றங்கரையிலும் தாழ்ந்த வரப்புகளிலும் மட்டுமே கரிய ஈரச் சேறு சேர்ந்திருக்கும். ஆகவே உங்கள் வண்டிக்கு இரண்டு நிற மண் வேண்டும். மேலே பரவலாக, ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லிய வெளிர் புழுதி. கீழே, சக்கரங்களின் உட்புறத்தில், அதே மண்ணுடன் அடர்பழுப்பு ஆயில் பெயின்ட் சிறிது சேர்த்த ஈரமண்.

சேறு எங்கே தங்கும் என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. குறுவை அறுவடைக்கு வந்த பெல்ட் வகை அறுவடை இயந்திரங்கள் இப்போது சாலையோரம் நிற்கின்றன. ஒன்றின் அருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான் என் டி-55 டாங்கிக்காக இரண்டு மாலைப் பொழுதுகளை அப்படிச் செலவிட்டேன், அந்த ஓட்டுநர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். பட்டையைப் பல் பற்றி இழுக்கும் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்தில்தான் சேறு கட்டியாகத் திணிந்திருக்கும், அதில் வைக்கோலும் சிக்கியிருக்கும். சக்கரத்தின் குழிவில் சேறு தங்கும். பட்டையோடு உரசும் விளிம்பில் தங்காது, உரசல் அதைத் துடைத்துவிடும். மேல்தளத்தில் சேறு இருந்தால் அது ஆள் மிதித்து ஏறிய தடமாகத்தான் இருக்கும், அதுவும் ஏறுகிற பக்கத்தில் மட்டும். எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை அந்த இயந்திரத்திடம்தான் கற்றுக்கொண்டேன்.

பி.டி.-76 வண்டியில் இந்தப் பார்வை இன்னும் பயன்படும். அதற்கு இயக்குச் சக்கரம் பின்புறத்தில் இருப்பதால் கட்டிச்சேறு பின்னால்தான் சேரும். மேல் பட்டையைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. பக்கத்துக்கு ஆறு என்ற கணக்கில் இருக்கும் பெரிய சக்கரங்களின் மீதே பட்டை தொய்ந்து படுத்திருக்கும். அந்தத் தொய்வை முதலில் சரியாக ஒட்டிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொய்வு இல்லாத பட்டையில் எவ்வளவு அழகாகச் சேறு பூசினாலும் வண்டிக்கு எடை வராது. சக்கரத்தின் ரப்பர் விளிம்பு ஓடித் தேய்த்த தடத்தில் 6பி பென்சிலை லேசாக உரசினால் எஃகின் மினுமினுப்பு வந்துவிடும். அதற்கும் மேல், இது நீந்தும் வண்டி. ஆற்றில் இறங்கி ஏறிய வண்டியின் பக்கங்களில் புழுதி கழுவப்பட்டு, நீர் நின்ற மட்டத்தில் மெல்லிய வண்டல் கோடு ஒன்று படிந்திருக்கும். அந்த மட்டத்துக்குக் கீழே பச்சை சற்றுத் துலக்கமாகவும், மேலே புழுதியாகவும் இருக்கட்டும். பின்புறத்தில் நீரைப் பீய்ச்சித் தள்ளும் இரண்டு வாய்களின் ஓரத்திலும் அதே வண்டல் வடிந்திருக்கும். துருவை மட்டும் அளவோடு வையுங்கள். இவை 1960களில் வாங்கப்பட்டு, ஒரு படைப்பிரிவின் பராமரிப்பில் இருந்த வண்டிகள். குப்பைமேட்டில் கிடந்தவை அல்ல.

கடுவையாறு (நாகப்பட்டினம்) எழுதுகிறார்:

வார்னிஷ் வெளுத்ததற்கான விளக்கத்தை நான் தருகிறேன். கடற்கரை ஊரில் இருப்பதால் எனக்கு இது ஆண்டுதோறும் வரும் துன்பம். வார்னிஷில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் ஐப்பசி மாலையில், அந்தக் குளிர்ச்சியே போதும். காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் பூச்சுக்குள் படிந்துவிடுகிறது. அந்த நுண்துளிகள் விட்டுச்செல்லும் இடைவெளிகளில் ஒளி சிதறுவதால்தான் பால் நிறம் தெரிகிறது. உங்கள் ஆலிவ் பச்சை அடியில் பழுதின்றி இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

இதே வெளுப்பு வேறொரு காரணத்தாலும் வருவதுண்டு. மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் நுண்தூள் ஒன்று அடியில் படிந்திருக்கும். நன்றாகக் குலுக்காமல் அடித்தால் அது பள்ளங்களிலும் தடித்த இடங்களிலும் வெண்மையாகத் தேங்கும். உங்களுக்கு வந்தது மேற்பரப்பு முழுவதும் சீராக, சில நிமிடங்களுக்குள் என்பதால் ஈரமே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். மழை விட்ட ஒரு நாளில், காலை 11 மணிக்கு மேல் 3 மணிக்குள், மின்விசிறி ஓடும் அறையில் மாடலை ஒரு மணி நேரம் வைத்திருந்து, அதன் மீது அதே வகை கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு அடியுங்கள். அது அடிப்பூச்சைச் சற்று இளக்கி, அந்த இடைவெளிகளை நிரப்பிவிடும். பெரும்பாலும் ஒரே பூச்சில் பச்சை திரும்பி வந்துவிடும். வேகமாகக் காய்ந்துவிடட்டும் என்று ஹேர் டிரையரை மட்டும் அருகில் கொண்டுசெல்லாதீர்கள், பீரங்கிக் குழல் வளைந்துவிடும்.

அந்த கிளாஸ் பூச்சிலேயே உங்கள் வாஷ் பிரச்சினைக்கும் தீர்வு இருக்கிறது. மேட் பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உடையது என்பதால் கரைத்த ஆயில் பெயின்டை எல்லாப் பக்கமும் உறிஞ்சிக் கறையாக்கிவிடும். வழவழப்பான பரப்பிலோ அது தானாகவே கோடுகளுக்குள் ஓடி நிற்கும். ஆகவே கிளாஸ், அதன் மீது வாஷ், வாஷ் நன்றாக உலர்ந்த பிறகு மேட், கடைசியாக மண் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஆயில் பெயின்டைப் பயன்படுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அட்டைத்துண்டின் மீது பிதுக்கி வைத்தால், எண்ணெயை அட்டை இழுத்துக்கொள்ளும், வாஷ் பளபளக்காமல் உலரும். கரைப்பதற்கு ஓவியர்களுக்கான டர்பன்டைனே வேண்டும். இரும்புக்கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை நான் ஒருமுறை அவசரத்துக்குப் பயன்படுத்தி, இரண்டு மாத உழைப்பில் உருவான ஒரு சென்ச்சூரியன் டாங்கி மாடலின் சுழல் கோபுரத்தை உருக்கிவிட்டேன்; அதை இன்றும் அலமாரியில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்து மண்ணில் உப்பு உண்டு. கழுவாமல் பூசினால் சில வாரங்களில் வெள்ளையாகப் பூத்துவரும். குடமுருட்டி அவர்கள் சொன்னபடி நல்ல தண்ணீரில் இருமுறை கழுவி இறுத்தால், களியோடு உப்பும் போய்விடும்.

அரசலாறு மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மழை விட்டிருந்ததால் நண்பகலில் கிளாஸ் பூச்சு அடித்தேன். சுழல் கோபுரமும் மேல்தளமும் முழுமையாகப் பச்சைக்குத் திரும்பிவிட்டன, முன்புறத்து அலைத்தடுப்புப் பலகையின் ஓரத்தில் மட்டும் லேசான வெளுப்பு இருக்கிறது, அங்கே இன்னொரு பூச்சு தேவைப்படும். பக்கங்களில் இருந்த சேற்றை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பசை என்பதால் எளிதாகவே வந்துவிட்டது.

வெண்ணாறு அவர்கள் கேட்டது நியாயமே, பட்டையின் தொய்வில் குறை இருந்தது. இடப்பக்கத்தில் மூன்றாவது, நான்காவது சக்கரங்களைத் தொடாமல் பட்டை அந்தரத்தில் நின்றதைச் சேற்றுப் பூச்சு இத்தனை நாளும் மறைத்திருந்திருக்கிறது. இப்போது நூல் கட்டி இழுத்து ஒட்டியிருக்கிறேன். மண் இரண்டாம் முறை கழுவப்பட்டுத் திண்ணையில் இறுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணில் கிடைப்பது இரண்டு தேக்கரண்டி அளவுதான் என்பதைப் பார்த்தபோது, அந்த முதல் பூச்சுக்காக ஸ்தபதிகள் எவ்வளவு மண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அறுவடை இயந்திரம் நிற்கும் இடத்துக்குப் போய்ப் படங்கள் எடுத்துவருகிறேன். நீர்மட்டக் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை முடிவு செய்தபின், மண் பூசுவதற்கு முன்பாகவே இங்கே காட்டுகிறேன். தவறு இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.