ஏசின கொமென்டை அழிக்கிறதா, மறைக்கிறதா?

கல்லடி_வாவி:
கல்முனைத் தம்பி நேற்று எழுதினது இது: "புல் ரிக்வெஸ்ட்டுக்குக் கீழ ஆராவது ஏசினா உடனே அழி, மத்ததெல்லாம் பிறகு." வாசிச்சு எரிச்சல் வந்திட்டு. புல் ரிக்வெஸ்ட் எண்டா ஒருத்தர் தன்ட நிரல் மாற்றத்தைத் திட்டத்தில சேர்க்கச் சொல்லிக் கேக்கிறது. அது நடக்கிற தளம் கிட்ஹப்; அங்க அழிச்சா எழுத்து போயிரும், கொமென்ட் ஒண்டு அழிஞ்ச தடம் மட்டும்தான் மிஞ்சும். ஏசினவன் "நான் அப்பிடி எழுதவே இல்ல" எண்டு நிண்டா எதைக் காட்டுவாய்? முதல்ல இணைப்பு, நேரம், முழு ஸ்கிரீன்ஷொட். மறுகா காரணம் போட்டு மறை. அதுக்குப் பிறகு அந்த உரையாடல் திரியைப் பூட்டு.

கல்முனை_றிஸ்வான்:
மறைச்சதை ஆரும் ஒரு தட்டில திறந்து வாசிக்கலாம், அண்ணன். ஏச்சு வாங்கின புள்ள அதைத் திரும்பத் திரும்பப் பாக்கணுமா? அழிக்கத்தான் வேணும். சாட்சிக்கு மின்னஞ்சல் இருக்கு, போட்ட உடனே பின்தொடர்ற எல்லாருக்கும் போயிரும்.

கல்லடி_வாவி:
எல்லாருக்கும் போயிரும் எண்டு நீயே சொல்றாய். அப்ப அழிச்சு ஆரிட கண்ணை மறைக்கிறாய்? மின்னஞ்சல்ல வாறது முதல் எழுதினது மட்டும். பிறகு திருத்திச் சேர்த்த ஏச்சு அதில வராது. அந்தத் திருத்த வரலாறு கொமென்டோடதான் கிடக்கும். அழிச்சா அதுவும் போச்சு.

களுவாஞ்சி_பிரியா:
ரெண்டு பேரும் நடத்தை விதியை மறந்திட்டீங்க. திறந்த மூலத் திட்டங்கள் எடுத்துப் பாவிக்கிற கொன்ட்ரிபியூட்டர் கவனன்ட் 2.1இல 4 படி இருக்கு: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. முதல் படியான திருத்தம் எண்டதே தனிப்பட்ட எழுத்து எச்சரிக்கைதான், என்ன பிழை, ஏன் பிழை எண்டு விளக்கி. எல்லாருக்கும் முன்னால ஏசினவனைத் திருப்பி ஏசுறது அதில எங்கயும் இல்ல.

கல்முனை_றிஸ்வான்:
அதே ஒழுக்கக் கோவையில கொமென்டை அகற்ற உரிமையும் இருக்கு, பொறுப்பும் இருக்கு எண்டு எழுதியிருக்கு. வாசிங்க.

கல்லடி_வாவி:
அதே வசனத்தின்ட வாலையும் வாசி: தேவையான இடத்தில காரணத்தையும் தெரிவிக்கணும். எழுத்தே இல்லாட்டி எதுக்குக் காரணம் சொல்லுவாய்?

களுவாஞ்சி_பிரியா:
"ஒழுக்கக் கோவை" எண்ட சொல்லை முதல்ல விடுங்க. ஒழுக்கம் எண்டதும் பொம்புளைப் புள்ளையள்ட நடத்தையைத்தான் ஆக்கள் நினைக்கிறாங்க. நடத்தை விதி எண்டு போடுங்க.

அக்கரைப்பற்று_நெல்வயல்:
விதி எண்டா தலைவிதி மாதிரிக் கிடக்கு. கோவைதான் சரி, தண்டனைச் சட்டக்கோவை எண்டுதானே சொல்றம்? லினக்ஸ் இயங்குதளத்தின்ட கருவான கேர்னல் திட்டம் 2018 செப்டெம்பர்ல இந்தக் கவனன்ட்டின்ட பழைய பதிப்பை எடுத்த நேரம் அங்க நடந்த சண்டையும் சொல்லைப் பத்தித்தான்.

களுவாஞ்சி_பிரியா:
சொல்லைப் பத்தியில்ல, ஆர் தீர்ப்புச் சொல்றது எண்டதைப் பத்தி. தெரியாததைக் கதைக்காதீங்க.

கல்லடி_வாவி:
சொல்லை விடுங்க. தடை போடுறதுக்கும் சாட்சி வேணும். கிட்ஹப் நிறுவனக் கணக்கில 1, 3, 7, 30 நாள் எண்டு தடுக்கலாம். 30க்கு மேல வேணுமெண்டா காலம் குறிக்காமப் போட்டு, திகதியை எழுதி வெச்சு, கையாலதான் எடுக்கணும். ஆறு மாசத்தால அவன் திரும்பி வந்து "ஏன் தடுத்த?" எண்டு கேட்டா, அழிச்ச ஆள் என்ன காட்டுவார்?

கல்முனை_றிஸ்வான்:
உங்கட ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டுங்க. போன முறை முறைப்பாடு தந்த புள்ளைட பேரோட அதை வட்சப் குழுவில போட்டது நீங்கதான். முறையிட்டவர்ட அந்தரங்கத்தைக் காக்கணும் எண்டும் கோவையில இருக்கு.

கல்லடி_வாவி:
அது திட்டத்தை நடத்துற பராமரிப்பாளர்ட குழு, நாலு பேர்தான். அழிக்கிற கதைக்கு வா.

கல்முனை_றிஸ்வான்:
அழிக்கணும்.

கல்லடி_வாவி:
மறைக்கணும். பதிஞ்சு வெச்சிட்டு.